ரெக்கோட் போட்ட காலம்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் அப்போதெல்லாம் ஒரு கல்யாணம் நிச்சயமானால், நாள் குறித்த கையோடு இரண்டு பேருக்கு முன்பணம் போய்விடும். ஒருவர் மேளக்காரர், மற்றவர் ஸ்பீக்கர்காரர். 1970களின் நடுப்பகுதியில் நான் அந்த ஸ்பீக்கர்காரரிடம் கையாளாகச் சேர்ந்தேன். முதலில் பெட்டி தூக்க வேண்டும். பிறகு வயர் இழுக்க வேண்டும். பிறகு சவுக்கு மரத்தில் ஏறி ஹோர்ன் கட்ட வேண்டும். இவ்வளவும் கைக்கு வந்த பிறகுதான் ரெக்கோட்டைத் தொட விடுவார்கள். கொட்டியாகலை, கெம்பியன், பிரிட்வெல், லொய்னோன் என்று இந்தப் பள்ளத்தாக்கில் நாங்கள் ஹோர்ன் கட்டாத தோட்டம் இல்லை.

அந்தத் தொழில் மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. பொப், பைலா, டிஸ்கோ, சினிமாப் பாட்டு என்று அலுமாரிகள் நிறைய இருக்கின்றன. இவற்றை நான் அழகுக்கு வைத்திருக்கவில்லை. மலையகத்தின் துயரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள், அது எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் இந்த மக்கள் எதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள், எந்தப் பாட்டுக்கு விடிய விடிய ஆடினார்கள் என்பதை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் கணக்கு இந்தத் தட்டுகளில் பதிந்திருக்கிறது. அதற்காகத்தான் சேர்க்கிறேன்.

தட்டில் எப்படிக் கணக்குப் பதியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஈ.பி.யை எடுத்துக் காட்டுவேன். ஏழு அங்குலத் தட்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. அதன் இரு பக்கத்தையும் மின்விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் மூன்று பாட்டின் வரிகள் கறுப்பாக மினுங்கும். ஒரு பாட்டின் வரிகள் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். ஊசி ஓடி ஓடித் தேய்ந்த இடம் அது. அந்தப் பாட்டு தொடங்கும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிக் கீறல்கள் இருக்கும். இருட்டில், அவசரத்தில், கூட்டம் “இன்னொரு தரம்” என்று கத்தும்போது ஊசியை இறக்கிய தடம். எந்தப் பாட்டை ஜனம் கேட்டது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு

ரெக்கோட் போடுவதற்கு ஒரு முறை இருந்தது. விடியற்காலையில் பக்திப் பாட்டு. சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன் குரல் கேட்டால்தான் மேல் கணக்கு லயமும் பள்ளத்து லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கல்யாண வீடு விழித்துவிட்டது என்று அறியும். மாப்பிள்ளை அழைப்புக்கு எம்.எஸ். விஸ்வநாதன். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது மெல்லிய பாட்டு. பெரியவர்கள் படுக்கப் போன பிறகு இளவட்டங்களின் நேரம். அப்போதுதான் பொப்பும் பைலாவும் பெட்டியிலிருந்து வெளியே வரும். என் முதலாளி முதல் நாளே சொல்லி வைத்தார்: “தம்பி, கூட்டத்தப் பாத்துப் போடு. ஒனக்குப் புடிச்சதப் போடாத.” அந்த ஒரு வார்த்தையில் முழுத் தொழிலும் அடங்கியிருந்தது.

லயங்களில் அப்போது மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டரில்தான் எல்லாம் ஓடும். தட்டைச் சுழற்றும் மோட்டர் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றுவது. 50 ஹேர்ட்ஸ் சரியாக வந்தால் 45 சுற்று சரியாகச் சுற்றும். ஜெனரேட்டர் இளைத்து 47க்கு இறங்கினால் பாட்டு கிட்டத்தட்ட அரைச் சுரம் தாழ்ந்துவிடும். எஸ்.பி. பாலசுப்ரமணியம் சளி பிடித்தவர் போலப் பாடுவார். அதனால் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி, காதால் கேட்டே விசையைக் கூட்டவும் குறைக்கவும் பழக்குவோம். நானும் அப்படி நின்றவன்தான். சுருதி என்பது எனக்கு வாத்தியார் வைத்துச் சொல்லித் தந்ததல்ல, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டது.

நம்முடைய துள்ளிசை

பொப் என்றால் வெள்ளைக்காரன் பாட்டு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் தமிழுக்கென்று ஒரு பொப் இசை பிறந்தது, துள்ளிசை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிட்டாரை எடுத்துக்கொண்டு ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று பாடியபோது, பேச்சுத் தமிழ் பைலாத் தாளத்தில் ஏறி உட்கார்ந்தது. ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யோடு வந்தார். சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டு கடல் தாண்டிப் போய், 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையிலும் ஒலித்தது. தமிழ்நாட்டில் அவரை ‘சிலோன்’ மனோகர் என்றே அழைத்தார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் அவர் காலமானார் என்ற செய்தி வந்த அன்று, இந்தப் பள்ளத்தாக்கின் பழைய ஆட்டக்காரர்கள் பலர் என் வீட்டுக்கு வந்து அவர் தட்டைப் போடச் சொல்லிக் கேட்டார்கள்.

சிங்களப் பக்கத்தில் இதே காலத்தில் ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ லேபல் புதிய இளைஞர்களுக்குக் கதவு திறந்தது. கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும், இந்திராணி பெரேராவும் அவர் சகோதரிகளும் அதில் பாடினார்கள். எம்.எஸ். பெர்னாண்டோவின் பைலா இல்லாமல் எந்தக் கல்யாணமும் முடியாது. போர்த்துக்கீசர் காலத்திலிருந்து கரையோரத்தில் வளர்ந்த தாளம் அது. ஆறு எண்ணிக்கையில் குதித்து ஓடும். எங்கள் தோட்டங்களில் தப்பு மேளச் சத்தத்துக்குப் பழகிய கால்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிங்களம் ஒரு சொல் தெரியாதவர்களும் எம்.எஸ். பெர்னாண்டோவுக்கு ஆடினார்கள். சந்தைக்கு வந்த சிங்களவர்கள் எங்கள் ஹோர்னுக்குக் கீழே நின்று நித்தியைக் கேட்டார்கள். நான் கண்ணால் கண்டது இது.

இந்தப் பாட்டுகளை எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது இலங்கை வானொலி. தட்டு வாங்கப் பணம் இல்லாத வீடுகளிலும் ஒரு ரேடியோப் பெட்டி இருந்தது. நேயர் விருப்பத்தில் அறிவிப்பாளர்கள் தோட்டப் பெயரையும் ஆட்களின் பெயரையும் சேர்த்து வாசிக்கும்போது லயத்தில் அன்று திருவிழாதான். அடுத்த கல்யாணத்தில் அந்தப் பாட்டைக் கேட்டு எங்களிடம் வருவார்கள். வானொலியில் எந்தப் பாட்டு ஏறுகிறதோ, அதைத் தேடி முதலாளி கொழும்புக்குப் பஸ் ஏறுவார். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டுத் தட்டு ஒன்று கிடைப்பது பெரும்பாடு. ஒரே தட்டு ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை என்று ஸ்பீக்கர்காரர்கள் கையில் இரவல் சுற்றும்.

பங்களாவிலிருந்து இறங்கி வந்தவை

டிஸ்கோவும் ஃபங்க்கும் எங்களுக்கு வந்த வழி வேறு. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. வெள்ளைக்காரத் துரைமார் ஊர் திரும்பினார்கள். பங்களாச் சாமான்கள் ஏலத்தில் போயின. ரேடியோகிராமும் அதனுள் இருந்த தட்டுகளும் பங்களா வேலையாட்களான அப்புமாரின் கைக்கும், அவர்கள் வழியாக என் முதலாளியின் கடைக்கும் வந்தன. பிறகு வந்த உள்ளூர்த் துரைமாரின் பிள்ளைகள் கொழும்பிலிருந்து போனி எம், அபா, பீ ஜீஸ், டோனா சமர் தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். 1978இல் வெளியான போனி எம்மின் ‘ரஸ்புட்டின்’ இந்தப் பள்ளத்தாக்கில் கிளப்பிய ஆட்டத்தைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அதில் வருகிற ஆள் ரஷ்யாவைச் சேர்ந்தவன் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாலு எண்ணிக்கையில் தவறாமல் விழும் அந்தப் பெரிய டிரம் அடி போதுமானதாக இருந்தது.

அந்த அடிக்கும் தட்டின் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறது. அடித்தொனி பலமாக இருந்தால் தட்டில் வெட்டப்படும் வரி அகலமாக வளைந்து ஓட வேண்டும். அதற்கு இடம் வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாட்டை நெருக்கி வெட்டிய எல்.பி.யில் அடித்தொனி மெலிந்துதான் ஒலிக்கும். 1970களில் நியூயோர்க்கில் டொம் மோல்ட்டன் போன்ற கலவைக்காரர்கள் ஒரே பாட்டைப் பன்னிரண்டு அங்குலத் தட்டில் விரித்து வெட்டினார்கள். வரிகளுக்கிடையே இடம் கிடைத்தது, சத்தமும் அடியும் கூடின, பாட்டும் நீண்டது. 1976இல் டபுள் எக்ஸ்போஷரின் ‘டென் பெர்சென்ட்’ அந்த வடிவில் கடைக்கு வந்தது. டிஸ்கோவை ஆட்டக் களத்துக்கு ஏற்றதாக்கியது பாடகர்கள் மட்டுமல்ல, தட்டு வெட்டியவர்களும்தான்.

நம் இசையமைப்பாளர்கள் இதையெல்லாம் உடனே பிடித்துக்கொண்டார்கள். 1979இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ முழுப் படமும் ஒரு பொப் குழுவின் கதை. எம்.எஸ். விஸ்வநாதன் அந்த வயதில் இளைஞர்களுக்குச் சமமாக நின்று போட்ட பாட்டுகள் அவை. 1978இல் இளையராஜாவின் ‘பிரியா’ ஸ்டீரியோவில் ஒலிப்பதிவாகி வந்தது. கல்யாண வீட்டில் எங்கள் ஹோர்னில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்துதான் கேட்டது. பல வருடங்களுக்குப் பிறகு நல்ல ஊசியும் இரண்டு ஸ்பீக்கரும் வைத்து ‘டார்லிங் டார்லிங்’ பாட்டை வீட்டில் போட்டேன். இடது பக்கம் ஒரு கிட்டார், வலது பக்கம் இன்னொன்று, நடுவில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறது. ஃபங்க் இசையின் உயிர் அந்த பேஸ் கிட்டாரில்தான் இருக்கிறது. அது தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்காமல் தானே முன்னால் வரும். இளையராஜாவின் அந்தக் காலத் தட்டுகளில் பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் கேட்டுப் பாருங்கள். இன்னொரு பாட்டு உள்ளே இருப்பது தெரியும்.

ஒப்பாரிக் கோச்சி

என் சேகரிப்பில் பெரும்பகுதி வாங்கியதல்ல, வந்து சேர்ந்தது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகியிருந்தது. 1970களில் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்கள். ஹட்டன் ஸ்டேசனில் அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். கொண்டுபோகும் சாமானுக்கு அளவு உண்டு. அலுமாரி, கோழி, ஆடு, ரெக்கோட் பெட்டி எல்லாம் வந்த விலைக்குக் கைமாறின.

ஒரு பாட்டி தன் மகன் வாங்கிய தட்டுகளைச் சேலையில் சுற்றி எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். விலை பேச அவருக்கு மனமில்லை. “காசு கெடக்கட்டும் தம்பி. யாராவது கேக்கணும், அவ்வளவுதான்” என்றார். அந்தக் கட்டில் கொலம்பியா லேபலில் வந்த தமிழ்ப்பட ஈ.பி.கள் சிலவும், நித்தியின் தட்டு ஒன்றும் இருந்தன. உறையில் மகனின் பெயர், தோட்டத்தின் பெயர், வாங்கிய தீபாவளியின் வருடம் எல்லாம் நீல மையில் எழுதியிருந்தது. கடைக்காரர்களின் கணக்கில் உறையில் எழுத்து இருந்தால் விலை குறையும். என் கணக்கில் அப்படி எழுதிய உறைதான் அதிகம் பெறுமதியானது.

நெடுங்காலம் கழித்து நீலகிரிக்குப் போனபோது கோத்தகிரிப் பக்கத்தில் தாயகம் திரும்பியவர்களின் வீடொன்றில் எங்கள் நாட்டுப் பொப் தட்டைக் கண்டேன். பெட்டி தூக்கிச் செல்ல அனுமதிக்காத இடத்தில் புடவைக்குள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதை எனக்குத் தரும்படி நான் கேட்கவில்லை. அது அங்கே இருப்பதுதான் நியாயம். லேபலில் உள்ள இலக்கங்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.

கைமாறியவை இப்படி. அழிந்தவையும் உண்டு. 1977, 1981, 1983 வன்செயல்களில் மலையகத்துத் தமிழர்களின் கடைகளும் லயங்களும் எரிந்தன. அவற்றோடு போன தட்டுகளுக்குக் கணக்கில்லை. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது, கெசட் வந்தது, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் டூ-இன்-வன் பெட்டியோடு வந்தார்கள். 1980களின் பாதியில் ரெக்கோட் போடும் தொழில் முடிந்துபோனது.

மழை நாட்டில் தட்டுக் காப்பது

இங்கே மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். தட்டுக்கு முதல் எதிரி பூஞ்சணம். வெள்ளைப் புள்ளிகளாகத் தொடங்கி வரிக்குள் வேர் விடும். துடைக்கிறேன் என்று காய்ந்த துணியால் தேய்த்தால் அழுக்கை வரிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவோம். நான் செய்வது இது. கராஜில் பெட்டரிக்கு ஊற்றும் வடிநீரை, அமிலம் கலக்காததா என்று பார்த்து வாங்குவேன். அதில் குழந்தைகளுக்கான ஷம்பூ ஒரு துளி. லேபல் நனையாதபடி ஒரு பிளாஸ்டிக் மூடியால் அழுத்திக்கொண்டு, மெல்லிய தூரிகையால் வரி ஓடும் திசையிலேயே சுற்றிச் சுற்றித் துடைப்பேன். பிறகு வெறும் வடிநீரில் கழுவி, நிழலில் நிறுத்திக் காயவைப்பேன். பழைய உறைத்தாளில் பூஞ்சண விதை ஒட்டியிருக்கும். அதனால் உள்ளுறையைக் கட்டாயம் மாற்ற வேண்டும். படம் போட்ட வெளியுறையை வெயில் காட்டி வைத்துக்கொள்ளலாம்.

78 சுற்றுத் தட்டு வினைல் அல்ல, அரக்குக் கலவை. வினைலைத் துடைக்க அற்ககோல் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அரக்குத் தட்டில் அது பட்டால் தட்டே கரைந்துவிடும். ஊசியும் வேறு வேண்டும். 78க்கு ஏறத்தாழ 75 மைக்ரோன் முனை, மோனோ எல்.பி.க்கு 25, ஸ்டீரியோவுக்கு அதிலும் மெலிதாக 18. பழைய பெட்டிகளில் 5, 6 கிராம் எடையோடு ஊசி தட்டின் மேல் உட்காரும். இன்று நல்ல கார்ட்ரிட்ஜ் 2 கிராமுக்குள் வேலை செய்யும். அரிய தட்டு கையில் கிடைத்தவுடன் பழைய பெட்டியில் போட்டுக் கேட்க ஆசை வரும். அந்த ஆசையை அடக்க வேண்டும். முதலில் கழுவுங்கள், ஊசியைப் பாருங்கள், பிறகு கேளுங்கள்.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்கக் கூடாது. புத்தகம் போல நிறுத்த வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைக்கவே கூடாது. மலைநாடு குளிர்தானே என்று எண்ணுவார்கள். மதிய வெயிலில் அந்தத் தகரம் தருகிற சூட்டில் தட்டு நெளிந்துவிடும். நெளிந்த தட்டை இஸ்திரிப் பெட்டியால் நேராக்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இப்போது வந்திருக்கும் விலை

நாம் குப்பையில் போட்டதை உலகம் தேடத் தொடங்கிவிட்டது. பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 1977க்கும் 1983க்கும் இடைப்பட்ட இளையராஜாவின் மின்னணுப் பொப் ஒலிகளைத் தொகுத்து ‘சொல்ல சொல்ல’ என்ற பெயரில் வெளியிட்டது. அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் தன் பாட்டொன்றில் 1985ஆம் ஆண்டின் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படப் பாட்டின் துண்டை எடுத்துப் பயன்படுத்தியது. ஈழத் தமிழ்ப் பெண்ணான எம்.ஐ.ஏ. 2007இல் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ பாட்டை எடுத்து இலண்டன் ஆட்டக்களத்தில் இறக்கினார். இதனால் கொழும்பிலும் சென்னையிலும் வெளிநாட்டு வியாபாரிகள் பழைய தட்டுகளை மொத்தமாக அள்ளிப் போகிறார்கள். மலையகத்துக்கும் வருகிறார்கள். மேல்நாட்டுக் காதுகள் நம் பாட்டை மதிப்பது எனக்குச் சந்தோஷமே. ஆனால் அவர்கள் கொண்டுபோவது பாட்டை மட்டும். அந்தப் பாட்டு எந்த லயத்தில், யாருடைய கல்யாணத்தில் ஓடியது என்ற கதை வியாபாரியின் பெட்டியில் ஏறுவதில்லை. அதைச் சொல்லக் கூடியவர்கள் நாம்தான், அதுவும் இந்தத் தலைமுறை இருக்கும் வரைதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பெரியவர்கள் வீட்டிலோ பழைய தட்டு இருந்தால் விலை கேட்பதற்கு முன் அதன் கதையைக் கேளுங்கள். யார் வாங்கியது, எந்த வருடம், எந்தத் தோட்டம், எந்தப் பாட்டுக்காக வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். லேபலின் இரு பக்கத்தையும், நடுவில் பாட்டு பதியாத வெற்றிடத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம ஆவணத் திட்டங்கள் ஈழத்துப் பதிவுகளைச் சேர்த்து வருகின்றன, அவர்களுக்கு அந்த விபரங்களை அனுப்புங்கள். தட்டை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். அதில் ஆடியவர்களின் பெயரை மட்டும் விற்றுவிடாதீர்கள்.